உப்புத்தாள், ஊதாத்தாள்

வண்டி இரண்டரை மணி நேரம் லேட் என்று தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது என் வாய் ஐயோ என்றது, மனசு அப்பாடா என்றது. வாய் ஒன்று சொல்ல மனசு ஒன்று சொல்வது எனக்கு இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. விழுப்புரத்துப் பக்கம் ஏதோ சிக்னல் கோளாறாம். என் வீட்டுக்காரர் புருஷோத்தமன் பிளாட்பாரத்தில் இரண்டாவது டீயை ஊதிக் குடித்தபடி, "நீ டென்ஷன் ஆவாத வல்லி, உங்கம்மா வர்றதுக்குள்ள அந்தக் கட்டில முடிச்சிடு, நான் பொறுமையா கூட்டிட்டு வரேன்" என்றார். முடித்துவிடலாம். தலைமாட்டுப் பலகை ஆயிற்று, மூன்று கால்கள் ஆயிற்று, நாலாவது கால் ஒன்றுதான் பாக்கி. அறை நடுவில் கட்டிலைக் குறுக்கே இழுத்துப் போட்டு, சுற்றிலும் பழைய பேப்பர் விரித்து, நைட்டிக்கு மேலே இவருடைய கிழிந்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறேன். உப்புத்தாளால் தேய், துணியால் துடை, அரக்கு பாலிஷைப் பஞ்சில் தொட்டு ஒரே இழுப்பாக இழு, காய விடு, மறுபடி தேய். சொல்லிக்கொடுத்த ஆசாரி முதல் நாள் வந்து பழைய பெயின்டைச் சுரண்டிப் போட்டதோடு காய்ச்சல் என்று படுத்துவிட்டார். "டீச்சரம்மா, இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஆனா அவசரப்பட்டீங்கன்னா மரம் காட்டிக் குடுத்துரும்" என்று போனில் எச்சரித்தார். அவசரமா, நானா? இருபத்து நாலு வருஷமாக இந்தக் கட்டிலைத் திரும்பிப் பார்க்காதவள் நான். அம்மா எனக்குச் சீராகக் கொடுத்தது, வேப்பமரம். கோவில்பட்டியிலிருந்து லாரியில் வந்து இறங்கிய அன்றைக்கே என் மாமியார், நல்லவர்தான், போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் குறை சொல்லக் கூடாது, "மரம் ரொம்ப சாதாவா இருக்குதே" என்று காப்பிக்கொட்டைக் கலரில் பெயின்ட் அடிக்கச் சொன்னார். ஆமாம் அத்தை என்று நானே டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அதற்கப்புறம் இந்தச் சின்ன அறையில் கிடந்தது. துவைத்து மடிக்காத துணிகள், ஓடாத மிக்ஸியின் அட்டைப்பெட்டி, மூன்றாம் வகுப்புப் பரீட்சைத் தாள்கள், மழைக்காலத்தில் கொடியிலிருந்து எடுத்த ஈரப் போர்வை, எல்லாம் அதன்மேல் படுத்து எழுந்தன. கொடுத்தவள் மட்டும் படுக்கவில்லை.

அம்மா இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. காலை வண்டியில் வந்து இறங்குவாள், குளிப்பாள், என்னைத் தள்ளிவிட்டு அரிவாள்மனையை இழுத்துப் போட்டு வெண்டைக்காய் நறுக்குவாள், பேத்தியைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள், சாயங்காலம் ஆறு மணிக்குத் தலையைச் சீவிக்கொண்டு வயர்கூடையைத் தூக்கிவிடுவாள். "வண்டிக்கு நேரமாச்சுட்டி." மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் பத்து நாள் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தாள். பதினோராம் நாள் எங்களை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள், ஆரத்தி எடுத்தாள், அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டாள். ஏன் என்று இவர் கேட்பார். ஊரில் தண்ணி பிடிக்கணும், பூட்டின வீட்டில் எலி வந்துரும் என்று எதையாவது சொல்லிவைப்பேன். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்க நான் நன்றாகப் பழகியிருந்தேன், இந்த மாசி மாசம் அவள் அடுப்படி ஈரத்தில் வழுக்கி விழுகிறவரை. மத்தியானம் விழுந்தவள், பக்கத்து வீட்டு வேலம்மாள் கறிவேப்பிலை கேட்டு வரும்வரை நாலு மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறாள். மணிக்கட்டு முறிந்திருக்கிறது. சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியதுதானே அம்மா என்றால், "என்னன்னு கூப்பிட? எல்லாரும் சோலிக்குப் போயிருப்பாவல்லா" என்கிறாள். அந்த நாலு மணி நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளிடம் விலங்குகளின் சத்தங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். சிங்கம் கர்ஜிக்கும், யானை பிளிறும். அதன் பிறகு தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் ஈரத் தரைதான் தெரிந்தது. இனிமேல் இங்கேயே வந்து இரு என்று தினம் போனில் சொன்னேன், ஒவ்வொரு நாளும் அவள் வேறு பேச்சு பேசினாள். ஒருநாள் தாங்காமல், "உனக்குன்னு ஒரு ரூம்பு ரெடி பண்ணுதேம்மா, என்ன கலரு அடிக்கட்டும், அதையாவது சொல்லு" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. பிறகு அம்மா, "ஊதா அடி" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஊதா அடி. தனக்கென்று அம்மா ஒன்றைக் கேட்டு நான் என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டுத் தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

ஊதா என்றால் ஊதா, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெயின்ட் கடைக்கு அன்றைக்கே ஓடினேன். கடைக்காரர் கலர் அட்டையை விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். "வயலட்டா மேடம்? டார்க்கா, லைட்டா?" லைட் என்றேன், வெளிச்சம் குறைந்த அறை. "உங்க அம்மாவுக்கு வயலட் புடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார் இவர். எனக்கும்தான் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். பெயின்டர் மாசிலாமணி சுவரில் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் ஓட்டிவிட்டுத் தூர நின்று தலையைச் சாய்த்து, "அக்கா, ரூமு சும்மா கல்யாண மண்டபமாட்டம் கீதுக்கா" என்றான். மண்டபம் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அறை அழகாகத்தான் இருந்தது. ஜன்னல் வெயில் பட்ட இடத்தில் வெளிர் ஊதா, மூலைக்குப் போகப் போக அடர்ந்த ஊதா. நேற்றுப் பூரா பத்துத் தடவை வந்து எட்டிப் பார்த்தேன். அம்மா உள்ளே வருவாள், நிமிர்ந்து பார்ப்பாள், நான் கேட்டதை என் மகள் செய்திருக்கிறாள் என்று நினைப்பாள். அப்படி நினைத்துவிட்டால் இன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தலை சீவ மாட்டாள். என் கணக்கு அவ்வளவுதான். இந்தச் சுவரையும் இந்தக் கட்டிலையும் வைத்து ஒரு ராத்திரி அவளை நிறுத்திவிட வேண்டும். ஒரு ராத்திரி இருந்துவிட்டால் அப்புறம் இருந்துவிடுவாள். கையில் கட்டுப் பிரித்து மூன்று வாரம்தான் ஆகிறது, அந்த அடுப்படித் தரைக்கு அவளை மறுபடி அனுப்ப என்னால் முடியாது.

தேய்க்கத் தேய்க்கக் கால் மரத்திலிருந்து மெல்லிய தூசு கிளம்பி மூக்கில் ஏறுகிறது, லேசான கசப்பு. உப்புத்தாளில் உப்பும் இல்லை ஒன்றும் இல்லை, மணல்தான், யார் இந்தப் பேர் வைத்தார்களோ. சர்ர், சர்ர். இந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. தீப்பெட்டிப் பக்கவாட்டில் குச்சியைக் கிழிக்கிற சத்தம். அம்மாவின் உள்ளங்கையும் இப்படித்தான், தலைக்கு எண்ணெய் வைத்தால் முடி இழை இழையாக அதில் மாட்டி இழுக்கும். முப்பத்தாறு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்த கை. எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். தகரக் கொட்டகையாக இருந்தாலும் ஆபீஸ், மருந்து நெடி கண்ணைக் கரித்தாலும் ஆபீஸ். ஆபீஸுக்குப் போறேன், ஆபீஸ் விட்டாச்சு, இன்னைக்கு ஆபீஸ் லீவு. ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லும், யாரும் யாரையும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. நான் ஒருத்திதான் அதை அப்படி உபயோகித்தேன். பெண் பார்க்க வந்தபோது, அம்மா என்ன பண்றாங்க என்று இவர் வீட்டில் கேட்டார்கள். ஆபீஸ்ல வேலை பாக்காங்க என்றேன். பொய் இல்லை. பொய் இல்லை என்று எனக்கு நானே அன்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன், பொய் இல்லாத ஒன்றை எவளாவது அத்தனை தடவை சொல்லிக்கொள்வாளா? கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில், பட்டுப்புடவை கட்டி ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இவருடைய பெரியம்மா போய், "நீங்க ஆபீஸ்ல இருக்கீங்களாமே, சென்ட்ரல் கவர்மென்ட்டா, ஸ்டேட்டா?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "தீப்பெட்டி ஆபீசும்மா, பெட்டி அடைக்கிற வேலை" என்றாள். கூட இருந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியம்மா, ஓ, என்றார். அந்த ஓ இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா அப்போது கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தன்னால் எனக்குச் சங்கடம் வந்துவிட்டதே என்கிற மாதிரி பார்த்தாள். நான் குனிந்து வளையலைச் சரிசெய்தேன். தாலி ஏறிய அன்று ராத்திரியே அவள் வண்டி ஏறினாள். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை, இருபத்து நாலு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆபீஸ் உட்கார்ந்திருக்கிறது.

அழுகை வருகிற மாதிரி இருந்தது, வர விடவில்லை, பாலிஷ்மேல் சொட்டினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். வேலையைப் பார். கையில் இருந்த உப்புத்தாள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, இன்னொரு துண்டு கிழித்து எங்கோ வைத்தேன், பேப்பருக்கு அடியிலா, ஜன்னல் திட்டிலா. "இந்த ஊதாத்தாளை எங்க வச்சேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். ஊதாத்தாள் இல்லை, உப்புத்தாள். ஊதாத்தாள் என்பது வேறு. அது தீப்பெட்டியின் உள்கூட்டைச் சுற்றி ஒட்டுகிற தாள். ஆபீஸ் விட்டு வந்த பிறகும் அம்மா வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள், மைதாப் பசையைக் கிண்டி ஆற வைத்து, நீள நீளமாக நறுக்கின ஊதாத்தாளை மடியில் போட்டுக்கொண்டு. பசை பட்டால் சாயம் இறங்கும். சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டுகிறபோது விரல் நுனியெல்லாம் ஊதாவாக இருக்கும், நகக்கண்ணில் ஊதா இருக்கும், நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, "பாரு, போயிருச்சு, இப்பத் தின்னு" என்பாள். போயிருக்காது. அந்த விரல்கள், அந்தக் கலர், இப்போதும் கண்ணுக்கு முன்னால் அப்படியே நிற்கிறது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கலர். நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அந்தக் கலர் இது இல்லை. அந்த விரல்கள் நீலமாக இருந்தன. ஊதாத்தாள் நீலம். பேனாவுக்கு ஊற்றிய ஊதா மை, நீலம். என் பள்ளிக்கூடத்து ஊதாப் பாவாடை, நீலம். அம்மா நீலத்தை நீலம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை, வெள்ளைத் துணிக்குப் போடுகிறதுதான் நீலம், கண்ணுக்குத் தெரிகிற கலர் ஊதா. வானம் ஊதா.

இதை எப்படி மறந்தேன்? மறக்கவில்லை, அழித்து எழுதிவிட்டேன். பத்தொன்பது வருஷமாக என் வகுப்புச் சுவரில் வானவில் படம் தொங்குகிறது, ஊதா, கருநீலம், நீலம், பச்சை என்று குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்து, ஊதா என்றால் வயலட் என்று நாற்பது நாற்பது பிள்ளைகளாக ஒப்பிக்க வைத்து, கடைசியில் எனக்கே அப்படி ஆகிவிட்டது. அதுவும் முழு உண்மை இல்லை, மனசே, இன்றைக்காவது உள்ளதைச் சொல். நாலு வருஷம் முன்னால் எட்டயபுரத்துப் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது, இசக்கிச்செல்வி, இரட்டைச் சடை, பேச்சில் அப்படியே எங்கள் ஊர் மண். வானத்தின் நிறம் என்ன என்ற கேள்விக்கு ஊதா என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். பிள்ளை விடவில்லை, நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்கூர்ல இதாம் மிஸ் ஊதா" என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டியது. வகுப்பு சிரித்தது. எனக்கும் அதே ஊர்ப் பக்கம்தான்டி கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புத்தகத்தில் இருப்பதை எழுது என்றேன். அப்போதுகூட எனக்கு எதுவும் நினைவு வரவில்லையா, அல்லது வந்ததை மடித்து உள்ளே வைத்தேனா? என்னால் இப்போது சத்தியம் பண்ண முடியாது. அம்மா உள்ளே வந்து இந்தச் சுவரைப் பார்க்கப்போகிறாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம். மண்டபத்தில் பார்த்த மாதிரி ஒரு தடவை பார்ப்பாள். என் வேலையை மறைத்தாள், இப்போது என் பேச்சையும் மறந்துவிட்டாள் என்று நினைப்பாள். வெண்டைக்காய் நறுக்குவாள். ஆறு மணிக்குத் தலை சீவுவாள்.

மணி பார்த்தேன், ஒன்பதே கால். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். மாசிலாமணிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை, மறுபடி அடித்தேன், எடுத்து, "பூந்தமல்லில வேலைக்கா, நாளைக்கு வரட்டா?" என்றான். நாளைக்கு யார் இருப்பார்கள்? அம்மாவையே கேட்டுவிட்டால் என்ன, ஒருவேளை அவளும் மாறியிருப்பாள், டிவி பார்க்கிறாள், ஒருவேளை வயலட்டைத்தான் சொன்னாளோ என்னவோ. அம்மா நம்பரை அழுத்தினேன். வண்டிச் சத்தத்துக்கு மேலே, "ஏட்டி வல்லி! செங்கப்பட்டு தாண்டிட்டுங்காவ. பக்கத்து சீட்டுக்காரி முறுக்கு தந்தா. நீ சாப்ட்டியா?" என்று கத்தினாள். "ம்மா" என்றேன். "என்ன?" "நீ சொன்னேல்லா..." என்று ஆரம்பித்தேன். "கேக்கலட்டி, சத்தமா சொல்லு." "ஒண்ணுமில்லம்மா. பாத்து எறங்கு. கைய ஊனாத." வைத்துவிட்டேன். நீ சொன்ன ஊதா எது என்று கேட்பதும், உன் மகள் உன்னை மறந்துவிட்டாள் என்று சொல்வதும் ஒன்றுதான். எழுந்து அறையைச் சுற்றி வந்தேன். மிச்சம் கால் டின் பெயின்ட் இருந்தது. குளியலறை அலமாரியில் சொட்டு நீலம் பாட்டில் இருந்தது. புத்தி பேதலித்தவள் செய்கிற காரியம்தான், தெரிந்தே செய்தேன். ஒரு பழைய கிண்ணத்தில் பெயின்டை ஊற்றி, அதில் நீலத்தைக் கவிழ்த்து, ஐஸ்குச்சியால் கலக்கி, கதவுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு கை அகலத்துக்குத் தடவிப் பார்த்தேன். கதவில் விரல் நசுங்கினால் கன்றிப்போகுமே, அப்படி ஒரு கலர் வந்தது. ஐயையோ என்று கையாலேயே துடைத்தேன், துடைக்கத் துடைக்க அது பரவியது. சட்டைத் துணியால் துடைத்தேன், எச்சில் தொட்டுத் துடைத்தேன். நாற்பத்தெட்டு வயசில் ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அழுதேன். சரி, அழுதாயிற்று. நாலாவது காலையாவது ஒழுங்காக முடிப்போம் என்று திரும்ப வந்து உட்கார்ந்து, பஞ்சைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தேன். வேப்பமரத்தின் சிவந்த ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எவ்வளவு நல்ல மரத்தைக் கொடுத்திருக்கிறாள். லிப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

இவர் முன்னால் வந்தார், பின்னால் அம்மா. போன தடவை பார்த்ததைவிட ஒரு சுற்று இளைத்திருந்தாள். இடது கையில் எப்போதும் கொண்டுவருகிற அதே வயர்கூடை, வேறு பெட்டியோ பையோ எதுவும் இல்லை. கூடையைப் பார்த்ததும் ஓடிப்போய் அதை வாங்கினேன். அம்மா கூடையை விட்டாள், என் கையை விடவில்லை. திருப்பி, விரித்து, மணிக்கட்டுவரை பார்த்தாள்.

"கையெல்லாம் என்னட்டி, இப்படி ஊதாவாக் கெடக்கு?"

நான் பார்த்தேன். விரல் நுனி, நகக்கண், உள்ளங்கை ரேகை எல்லாம் சொட்டு நீலம். அதற்குமேல் என்னால் முடியவில்லை. செருப்பைக்கூட அவளைக் கழற்ற விடாமல் வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன், வானவில் படம், பெயின்ட் கடை, வயலட், கதவுக்குப் பின்னால் பூசியது. "நீ சொன்ன ஊதா இல்லம்மா உள்ள இருக்கது. நா வேற கலரு அடிச்சு வச்சிருக்கேன். ஒம் பேச்சு எனக்கு மறந்துபோச்சும்மா." இவர் ஒன்றும் புரியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா செருப்பைக் கழற்றினாள், முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், நேராக உள்ளே போய் அறை நடுவில் நின்று நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது கத்திரிப்பூக் கலருல்லா" என்றாள்.

"ஆமாம்மா."

"இதையா இங்க ஊதாங்காவ?"

"புத்தகத்துலயே அப்படித்தாம்மா போட்டிருக்கு. நாந்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கேன்."

"டீச்சரு சொன்னா சரியாத்தான் இருக்கும். இதுவும் ஊதான்னே இருந்துட்டுப் போட்டும்."

"நாளைக்கே ஆள வரச்சொல்லி மாத்திருதேன், நீ..."

"சும்மா கெட. காஞ்ச சுவத்தப் போயி திரும்ப நனைக்கவா? நம்மகிட்ட இதுவரைக்கும் யாரு என்ன கலருன்னு கேட்டா? நீ திடீர்னு கேட்டதும் எனக்கு ஒண்ணும் ஓடல. வாயில வந்ததச் சொன்னேன். நீ மெய்யாவே அடிப்பேன்னு நா கண்டேனா?" என்று சொல்லிவிட்டுச் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாள், ஒட்டுகிறதா என்று. பிறகு கட்டிலைப் பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். தலைமாட்டுப் பலகையில் மெல்லக் கை வைத்தாள். அந்தக் கை கட்டுப் பிரித்த கை, இன்னும் வீங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான், எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை, "அம்மா, அன்னைக்கு மண்டபத்துல... நா ஆபீஸ்னு சொன்னது... நா ஒன்ன..." என்றேன். அம்மா திரும்பவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடக்கு எந்தப் பக்கம்ட்டி?" என்றாள்.

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வடக்கா அத்தை? கிச்சன் பக்கம் வடக்கு. ஏன், வாஸ்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்தது. வந்த அன்றே திரும்பிப் போகிறவள் இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் திசை கேட்டதில்லை. படுக்கப் போகிறவர்களுக்குத்தான் அது வேண்டும்.

"அப்பத் தலமாடு வடக்கப் பாத்துல்லா கெடக்கு. திருப்பிப் போடு" என்றாள்.

நாலாவது காலில் பாலிஷ் இன்னும் காயவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா நல்ல கையால் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள்.